சுருட்டுக் கிளிப்: நசுக்காமலும் நழுவவிடாமலும் பிடிக்க

சுருட்டு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் இரண்டு கையும் தேவைப்படும் வேலை வந்து நிற்கும். படகின் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும், தூண்டிலில் மீன் சிக்கியிருக்கும், கோல்ஃப் மட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கும், பட்டறையில் ஒரு திருகை முடுக்க வேண்டியிருக்கும். சுருட்டை எங்கே வைப்பது? மேசை விளிம்பில் வைத்தால் உருண்டு விழும். புல்லில் வைத்தால் ஈரமும், தெளித்த பூச்சிமருந்தும் ஒட்டிக்கொள்ளும். அதையே மறுபடி வாயில் வைத்தாக வேண்டும். பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தால் புகை கண்ணில் ஏறும், சாம்பல் சட்டையில் கொட்டும். இந்தச் சங்கடத்துக்காக வந்ததுதான் சுருட்டுக் கிளிப். ஒரு பக்கம் சுருட்டைக் கவ்வும், மறு பக்கம் கம்பியையோ பலகையையோ கவ்வும் சின்னக் கருவி.

பார்க்க எளிமையாக இருப்பதால் வாங்கும்போது யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. முதலில் வாங்கிய கிளிப்பின் ஸ்பிரிங் நல்ல முறுக்காக இருந்தது. ‘இது விடவே விடாது’ என்று மகிழ்ந்தேன். அது விடத்தான் இல்லை. பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் சுருட்டின் இடுப்பில் இரண்டு பள்ளம். மேலே சுற்றிய இலை நீளவாக்கில் பிளந்து நின்றது. இழுக்க இழுக்கப் பிளவு வழியாகக் காற்றுதான் வந்தது, புகை வரவில்லை. அன்றிலிருந்து கையில் கிடைக்கும் கிளிப்பையெல்லாம் பிரித்துப் பார்ப்பதும், தாடைக்கு மெத்தை ஒட்டிப் பார்ப்பதும், மரத்தில் சொந்தமாகச் செய்து பார்ப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாகக் கிளிப் வாங்கப் போகிறவருக்கும், வாங்கி வைத்துவிட்டு ஏன் சரிப்படவில்லை என்று குழம்புகிறவருக்கும் இது உதவும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளிப் காப்பது விரலையும் சட்டையையும் சுருட்டின் இலையையும் மட்டுமே. புகையிலை உடம்புக்குச் செய்யும் கேட்டில் ஒரு துளியைக்கூட அது குறைக்காது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் சுருட்டால் வரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டி முழுவதிலும் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். இன்னும் பழகாதவர் பழகாமலே இருப்பது நல்லது. ஏற்கெனவே புகைப்பவர், தீ விபத்தும் தீக்காயமும் இல்லாமல் அதைக் கையாளட்டும் என்பதற்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

எந்த ஹோல்டர்?

கடையில் ‘சுருட்டு ஹோல்டர்’ என்று கேட்டால் நான்கு வகைப் பொருளைக் காட்டுவார்கள். வாயில் வைத்துக்கொள்ளும் குழல் ஒன்று; சுருட்டின் வாய்முனையை அதற்குள் செருகி உறிஞ்ச வேண்டும். மேசைமேல் சுருட்டைப் படுக்க வைக்கும் பள்ளம் வெட்டிய தாங்கி இன்னொன்று. தரையில் குத்தி நிறுத்தும் முள்ளும் அதன் தலையில் ஒரு கவையும் உள்ளது மூன்றாவது. ஸ்பிரிங் வைத்து இரண்டு தாடையால் கவ்வும் கிளிப் நான்காவது. அசையும் இடத்தில், அதாவது படகு, வண்டி, மடக்கு நாற்காலி போன்றவற்றில், சுருட்டை நம்பி விட்டுவிட்டு வேலை பார்க்க உதவுவது இந்த நான்காவது வகைதான். மேசை அசையாது என்றால் பள்ளம் வெட்டிய தாங்கியே போதும். அங்கே கிளிப்புக்கு வேலையே இல்லை.

சுருட்டு எவ்வளவு மென்மையானது

சுருட்டு கட்டையைப் போலத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது மடித்து அடுக்கிய இலைகள், அவற்றுக்கு நடுவே புகை போக நீளவாக்கில் சிறு இடைவெளிகள். அந்த அடுக்கை ஒரு கட்டு இலை சுற்றிப் பிடித்திருக்கும். அதற்கும் மேலே மெல்லிய மேலிலை ஒன்று சாய்வாகச் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது அந்த மேலிலைதான். முதலில் கிழிவதும் அதுவே.

இதனால் தவறான பிடி இரண்டு விதமாகக் கெடுக்கும். மேலிலை பிளந்தால் காற்று பக்கவாட்டில் நுழையும். உள் அடுக்கு நசுங்கினால் புகை போகும் வழி அடைபடும். அதற்கப்புறம் எவ்வளவு இழுத்தாலும் கன்னம் வலிப்பதுதான் மிச்சம். நசுங்கிய இடம் மறுபடி உப்பி வராது.

ஈரப்பதமும் இதில் சேரும். சுருட்டை வழக்கமாக 65 முதல் 72 சதவீத ஈரப்பதத்தில் வைப்பார்கள். அந்த நிலையில் மேலிலைக்குக் கொஞ்சம் இழுபடும் தன்மை இருக்கும். காய்ந்துபோன சுருட்டின் மேலிலை சருகு. லேசான கிளிப்பே அதை உடைக்கும். பெட்டியிலிருந்து எடுத்த சுருட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சரசரவென்று ஒலித்தால் அதைக் கிளிப்பில் மாட்டாதீர்கள்.

அளவு எடுத்தல்

சுருட்டின் தடிமனை ரிங் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள். ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து, அதில் எத்தனை பாகம் என்பதே அந்த எண். 64 என்றால் சரியாக ஓர் அங்குலம், 25.4 மி.மீ. விட்டம். எளிய வழி, ரிங் கேஜை 0.4 ஆல் பெருக்குவது. விட்டம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் வந்துவிடும். ரொபஸ்டோ என்ற வகை பெரும்பாலும் 50, அதாவது 20 மி.மீ. கொரோனா 42, அதாவது 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. லான்சேரோ 38, ஏறத்தாழ 15 மி.மீ. 60 ரிங் கேஜ் உள்ள தடியன்கள் 24 மி.மீ.யைத் தொடும்.

எண் தெரியாத சுருட்டாக இருந்தால் ஒரு தாள் பட்டையை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் குறியிடுங்கள். அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். 63 மி.மீ. வந்தால் அது 20 மி.மீ. சுருட்டு. காலிப்பர் வைத்தும் அளக்கலாம், ஆனால் அதன் தாடை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவு எதற்கு? ஸ்பிரிங்கை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு பலமாக அது திருப்பி அழுத்தும். ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இது. ஆக, 17 மி.மீ. சுருட்டை மென்மையாகப் பிடித்த அதே கிளிப், 24 மி.மீ. சுருட்டை நசுக்கலாம். 24 மி.மீ.க்குப் பொருந்துவது 15 மி.மீ.யில் தளர்ந்து ஆடலாம். எல்லாச் சுருட்டுக்கும் ஒரே கிளிப் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் தடிமனுக்குத்தான் அதைச் சோதித்து வாங்க வேண்டும்.

பிடி எங்கே இருக்கிறது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கிளிப்பின் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

15 கிராம் எடையுள்ள ஒரு சுருட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு தாடைக்கும் ரப்பர் போன்ற உராய்வுள்ள மெத்தை இருந்தால், சுருட்டு நழுவாமல் நிற்க ஒவ்வொரு தாடையும் ஏறத்தாழ 15 கிராம் எடையளவு அழுத்தினாலே கணக்குச் சரியாகிவிடும். படகு குலுங்கும், வண்டி துள்ளும் என்று மூன்று மடங்கு வைத்துக்கொண்டாலும் 45 கிராம்தான். துணி காயப்போடும் கிளிப் இதைவிடப் பல மடங்கு அழுத்தும். என் முதல் கிளிப்பும் அப்படித்தான். தேவையே இல்லாத பலம் அதில் இருந்தது.

அப்படியானால் மெல்லிய ஸ்பிரிங் உள்ள கிளிப்பிலிருந்தும் சில சமயம் சுருட்டு தலைகுப்புறச் சாய்வது ஏன்? அதற்குக் காரணம் தாடையின் அகலம். சுருட்டை வாய்முனைக்குப் பக்கத்தில் கவ்வுகிறோம். எடையின் நடு அதற்கு வெளியே, நெருப்புப் பக்கம் தொங்குகிறது. 15 கிராம் சுருட்டின் எடைநடு கிளிப்பிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது ஏற்ற இறக்கப் பலகைபோல முன்பக்கம் இறங்கப் பார்க்கும். தாடை அரை செ.மீ. அகலமே இருந்தால், அந்தச் சாய்வைத் தடுக்கத் தாடையின் விளிம்பில் 75 கிராம் அழுத்தம் விழும். தாடை 2.5 செ.மீ. அகலமாக இருந்தால் 15 கிராம் போதும். ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. அகலத்தை ஐந்து மடங்காக்கியதில் அழுத்தம் ஐந்தில் ஒன்றானது.

ஆகவே கிளிப்பை வாங்கும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து மெச்சாதீர்கள். தாடை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 2 செ.மீ.க்குக் குறைந்ததை நான் இப்போது வாங்குவதில்லை.

அடுத்தது தாடையின் வடிவம். தட்டைத் தாடை உருளையை இரண்டே கோட்டில்தான் தொடும். அந்த இரண்டு கோட்டிலும் பள்ளம் விழும். வளைந்த தாடை நல்லது. ஆனால் வளைவு சுருட்டைவிடச் சிறியதாக இருந்தால் அதன் இரண்டு ஓரமும் கத்திபோல இலையில் பதியும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வளைவாக அல்லாமல், ஆங்கில ‘V’ எழுத்தைப்போல, இரண்டு சாய்வுப் பலகை எதிரெதிராகச் சந்திப்பதுபோல வெட்டிய தாடை எந்தத் தடிமனையும் நான்கு கோட்டில் தாங்கும். தடிமன் மாற்றி மாற்றிப் புகைப்பவருக்கு அதுவே ஏற்றது. எந்த வடிவமானாலும் உள்ளே சிலிக்கான் அல்லது கம்பளி மெத்தை இருக்கட்டும். மெத்தை இருந்தால் கோடு பட்டையாக விரியும், அழுத்தம் பரவும்.

கடைசியாகத் திசை. இதற்குச் செலவே இல்லை, பலனோ பெரிது. தாடைகள் இடம் வலமாக நிற்கும்படி கிளிப்பை மாட்டினால் சுருட்டின் எடை முழுவதையும் உராய்வுதான் தாங்க வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் சுருட்டு கீழே போகும். தாடைகள் மேலும் கீழுமாக நிற்கும்படி திருப்பி மாட்டிப் பாருங்கள். கீழ்த்தாடை தொட்டில்போல எடையைத் தாங்கிக்கொள்ளும். மேல்தாடை மூடிபோல, சுருட்டு துள்ளாமல் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். என்னிடம் இருக்கும் மிக மெல்லிய கிளிப் இப்படித் திரும்பிய பிறகுதான் பயனுக்கு வந்தது.

மறுபக்கப் பிடி

சுருட்டைப் பிடிக்கும் பக்கம் மென்மையாக இருக்க வேண்டும் என்றால், கம்பியையோ பலகையையோ பிடிக்கும் பக்கம் முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். கிளிப் முழுவதுமாகக் கழன்று விழுந்தால் சுருட்டை எவ்வளவு நயமாகப் பிடித்திருந்தும் என்ன பயன்? இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங் உள்ள கிளிப்பையே தேடுங்கள். நடுவில் சுழலும் மூட்டு ஒன்று இருந்தால், மேலே சொன்ன மேல்–கீழ்த் திசைக்குத் திருப்பிக்கொள்ள வசதி.

படகுக் கைப்பிடிக் கம்பிகள் பொதுவாக 22 அல்லது 25 மி.மீ. விட்டம் உள்ளவை. அடிப்பக்கத் தாடை அந்த அளவுக்கு விரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மடக்கு நாற்காலியின் கைப்பிடி பெரும்பாலும் இதைவிட மெலிந்தது, துணி சுற்றியது. துணியைக் கவ்வாமல் உள்ளிருக்கும் குழாயைக் கவ்வ வேண்டும்.

காந்த அடி உள்ளவையும் கிடைக்கின்றன. இரும்புத் தகட்டில் கிடைமட்டமாக ஒட்டினால் நன்றாக நிற்கும். செங்குத்தான வர்ணம் பூசிய தகட்டில் மெல்ல மெல்லக் கீழே சறுக்கும். காந்தம் பிய்த்து எடுப்பதை எதிர்க்கும் அளவுக்குச் சறுக்கலை எதிர்க்காது. அலுமினியத்திலும் கண்ணாடியிழைப் பலகையிலும் ஒட்டவே ஒட்டாது. படகுகளில் பயன்படும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் ஏறக்குறைய அதே கதிதான். படகில் திசைகாட்டி இருந்தால் காந்தக் கிளிப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், முள் திரும்பிவிடும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும் காந்த அடி உள்ளதைத் தவிர்ப்பது நல்லது.

தாளில் ஒரு சோதனை

சுருட்டில் சோதித்துப் பாழாக்க வேண்டாம். ஏ4 தாள் போதும். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்ற சாதாரண ரகத்தில், ஒரு தாளின் எடை 5 கிராம்.

முதலில் ஒரு தாளை 20 மி.மீ. விட்டமுள்ள குழலாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டுங்கள். உங்கள் சுருட்டு வேறு தடிமன் என்றால் அந்த அளவுக்கு. இந்தக் குழலைக் கிளிப்பில் மாட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்த பின் குழல் வட்டமாகவே இருந்தால் கிளிப் நல்லது. தழும்பு விழுந்திருந்தால் மெத்தை சேர்க்க வேண்டும். தட்டையாகிவிட்டிருந்தால் அந்தக் கிளிப் துணி காயப்போடத்தான் லாயக்கு.

பிறகு மூன்று தாளைச் சேர்த்து அதே தடிமனில் சுருட்டுங்கள். 15 கிராம் வரும். ஒரு நடுத்தரச் சுருட்டின் எடை. தாளின் நீளம் சுருட்டைவிட அதிகம் என்பதால் சோதனை சற்றுக் கடுமையாகவே இருக்கும், இருக்கட்டும். கிளிப்பை நாற்காலிக் கையில் மாட்டி, இந்தக் குழலை அதில் வைத்து, நாற்காலியைத் தூக்கித் தூக்கி வையுங்கள். இலேசாகக் குலுக்குங்கள். குழல் ஒரு விரல் அகலத்துக்குமேல் சாய்ந்தாலோ முன்னால் நழுவினாலோ அகலமான தாடையுள்ள வேறு கிளிப் பாருங்கள்.

மாட்டும் முறை

1. அடிப்பக்கத்தை முதலில் மாட்டுங்கள். சுருட்டைக் கிளிப்பில் வைத்துக்கொண்டு கம்பியைத் தேடக் கூடாது. மாட்டியபின் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; கிளிப் திரும்பினால் இடத்தை மாற்றுங்கள்.

2. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். நெருப்பு முனை காற்றுக்கு எதிர்முகமாக நின்றால் கங்கு ஊதப்பட்டு ஒரு பக்கம் வேகமாக எரியும். காற்று போகும் திசையை நோக்கி முனையைத் திருப்புங்கள். ஆனால் அந்தத் திசையில் ஆளோ, துணியோ, கூடாரமோ, எரிபொருளோ இருந்தால் இடத்தையே மாற்றுங்கள்.

3. சாம்பலைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். கையில் அமைதியாக நிற்கும் நீளச் சாம்பல், குலுங்கும் கம்பியில் நிற்காது. அது விழும்போது அடியில் கங்கும் சேர்ந்து விழலாம்.

4. தாடையை முழுவதும் விரித்து, சுருட்டை மேலிருந்து தொட்டிலில் வைப்பதுபோல வையுங்கள். பிறகு தாடையை மெதுவாக விடுங்கள். பாதி விரித்துச் சுருட்டை நீளவாக்கில் உள்ளே நுழைக்கக் கூடாது. மேலிலையின் ஓரம் மெத்தையில் சிக்கி உரிந்துவிடும். எடுக்கும்போதும் இதேபோல, விரித்துத் தூக்குங்கள். உருவாதீர்கள்.

5. கவ்வும் இடம்: காகிதப் பட்டை சுற்றியிருந்தால் அதைத் தாண்டி நெருப்புப் பக்கமாக, பட்டைக்கு அடுத்தே. பட்டையின் மேலேயே கவ்வினால் வழவழப்பான காகிதத்தில் பிடி வழுக்கும். பட்டை இல்லாத சுருட்டில், வாய்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கவ்வுங்கள். முனை கூம்பிய சுருட்டில் சரிவைத் தவிர்த்து நேரான உடலில்தான் கவ்வ வேண்டும். சரிவில் மாட்டினால் சுருட்டு பிடியிலிருந்து தானாக நழுவும்.

6. கிடைமட்டமாக நிற்க வேண்டும். நெருப்பு முனை கீழே சாய்ந்தால் வெப்பமும் புகையும் உடலைத் தழுவி மேலேறி இலையைக் கருக்கும். ரொம்ப மேலே தூக்கி நின்றால் உள்ளே படியும் ஈரமும் பிசினும் வாய்ப்பக்கம் இறங்கிக் கசக்கும்.

7. நெருப்புக்கும் தாடைக்கும் இடையே மூன்று விரல் அகலம், ஏறத்தாழ 5 செ.மீ., எப்போதும் இருக்கட்டும். சுருட்டு எரிய எரிய இந்த இடைவெளி குறையும் என்பது மறந்துபோகும். இடைவெளி இதற்குக் கீழே வந்ததும் கிளிப்பின் வேலை முடிந்தது. சாதாரண பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். முப்பரிமாண அச்சில் செய்த பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே. புகையிலைக் கங்கோ பல நூறு டிகிரி. பிளாஸ்டிக் இளகும் புகையைச் சுவாசிப்பதும் கேடு. சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும் என்றாலும் அதைச் சோதிக்கத் தேவையில்லை.

கிளிப்பில் வைத்த சுருட்டு நீங்கள் வரும்வரை எரிந்துகொண்டே காத்திருக்காது. இழுக்காமல் விட்டால் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். அணைந்தால் அணையட்டும். திரும்பி வந்து, சாம்பலைச் சுரண்டிவிட்டுப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆனால் அணைந்ததுபோலத் தெரிவதை அணைந்ததாக எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். உள்ளே கங்கு உயிரோடு இருக்கலாம்.

மாட்டக் கூடாத இடங்கள்

பெட்ரோல் தொட்டி, எரிபொருள் குழாய், எரிவாயு உருளை, மின்கலப் பெட்டி, மருத்துவ ஆக்சிஜன் கருவி ஆகியவற்றின் அருகில் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. படகில் எரிபொருள் நிரப்பும் நேரத்தில் சுருட்டே இருக்கக் கூடாது. காய்ந்த புல்லில் குத்தும் முள் தாங்கியும் வேண்டாம். வேகமாகப் போகும் வண்டியிலோ படகிலோ வெளிப்புறம் மாட்டினால் கங்கு பிய்ந்து பின்னால் இருப்பவர்மேல் பறக்கும். குழந்தையின் முகம் வரும் உயரத்திலும் மாட்டாதீர்கள். எரிந்து மீந்த துண்டைக் குழந்தையோ நாயோ விழுங்கினால் அதிலுள்ள நிக்கோட்டினே நஞ்சாகிவிடும். துண்டைக் கிளிப்பிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் வேண்டாம்.

நீங்களே செய்ய

கடையில் கிடைக்கும் கிளிப் எதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலை நேரம் போதும், செய்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த தாங்கி இப்படி மரத்தில் செய்ததுதான்.

25 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீள அகலம் உள்ள சதுர மரத்துண்டு எடுங்கள். அதன் முகத்தின் நடுவில், 25 மி.மீ. தடிமன் முழுவதையும் ஊடுருவி, 24 மி.மீ. துளை போடுங்கள். துண்டை இடுக்கியில் இறுக்கிவிட்டுத் துளையிடுங்கள், கையில் பிடித்துக்கொண்டு வேண்டாம். துளையை இரண்டாகப் பிளப்பதுபோல நடுவில் ரம்பத்தால் அறுத்தால் பிறை போன்ற பள்ளமுள்ள இரண்டு பாதி கிடைக்கும். முதலில் அறுத்துவிட்டுத் துளைபோட முயலாதீர்கள், வராது.

பள்ளத்தின் ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, உள்ளே ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) ஒட்டுங்கள். செயற்கை இழை ஃபெல்ட் சூட்டில் உருகும், கம்பளி உருகாது. மரவேலைப் பசை போதும். துப்பாக்கியால் ஊற்றும் சூட்டுப் பசை வெயிலிலேயே இளகும்.

இரண்டு பாதியையும் பெட்டியும் மூடியும் போல ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு பக்கம் தோல் வார் ஒன்றைச் சிறு ஆணியால் அடித்துக் கீலாக்குங்கள். எதிர்ப்பக்கம் மேல்பாதியில் ஒரு சிறு திருகு, கீழ்ப்பாதியில் ஒரு சிறு திருகு. இரண்டையும் இணைத்து ஒரு ரப்பர் வளையம். சுருட்டு உள்ளே இருக்கும்போது மேல் கீழ்ப் பாதிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மரம் மரத்தைத்தான் பிடிக்கிறது, சுருட்டு உள்ளே ஆடும். 24 மி.மீ. துளை 50 முதல் 54 ரிங் கேஜ் வரை நன்றாகப் பொருந்தும். மெலிந்த சுருட்டுக்குச் சிறிய துளையுடன் இன்னொன்று செய்துகொள்ளுங்கள். ரப்பர் எவ்வளவு இறுக்கம் என்பதை அந்தத் தாள் குழலே சொல்லும்.

கீழ்ப்பாதியின் அடியில், பட்டறையில் பயன்படும் ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்றைத் திருகால் பொருத்துங்கள். மென்மையான பிடி மேலே, முரட்டுப் பிடி கீழே. ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடிக்கும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை அது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இந்த மூடி முறை எளிது. கிளிப்பை அமுக்க வேண்டியதில்லை, ரப்பரைக் கழற்றினால் திறந்துகொள்ளும்.

துடைத்து வைத்தல்

தாடை மெத்தையில் புகைப்பிசின் படியும். முதலில் அது பிடிக்கு உதவுவதுபோலத் தோன்றும், ஏனென்றால் ஒட்டும். ஆனால் எடுக்கும்போது மேலிலையையும் சேர்த்து உரித்துவிடும். நல்ல கிளிப் ஒரு நாள் திடீரென்று இலையைக் கிழிக்கத் தொடங்கினால் ஸ்பிரிங்கைக் குறைசொல்வதற்கு முன் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள்.

சிலிக்கானை வெதுவெதுப்பான நீரும் மணமில்லாத சோப்பும் கொண்டு கழுவலாம். மணமுள்ள சோப்பு வேண்டாம், அடுத்த சுருட்டில் அந்த வாசனைதான் வரும். உலோகத் தாடையில் பிசின் இறுகியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் ஆவியான பிறகே நெருப்பின் பக்கம் கொண்டுபோக வேண்டும். கம்பளி மெத்தையைக் கழுவாதீர்கள், மாற்றிவிடுங்கள். கடல்நீர் பட்ட கிளிப்பை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தாடை துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சாதாரண எஃகாக இருக்கலாம், துரு அங்கேதான் தொடங்கும். எதையும் கவ்வாமல், மூடிய நிலையில் எடுத்து வையுங்கள். கம்பியிலேயே மாதக்கணக்கில் விரிந்து கிடந்த ஸ்பிரிங் தளர்ந்துபோகும்.